எந்தச் சபைக்கும் சேராத குடும்பங்கள்: திருகோணமலையின் 13 உள்ளூராட்சி சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாநகர முதல்வர், கிண்ணியா நகர சபைத் தவிசாளர், 11 பிரதேச சபைகளின் தவிசாளர்கள், எல்லாச் சபைகளின் உறுப்பினர்கள் ஆகிய உங்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

நான் 30 வருடம் இந்த மாவட்டத்தில் கிராம உத்தியோகத்தராக வேலை செய்தவன். சனம் எங்களை இன்றைக்கும் விதானையார் என்றுதான் கூப்பிடும். தம்பலகாமம், மூதூர், பட்டினமும் சூழலும் என்று மூன்று பிரிவுகளில் இருந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். விண்ணப்பம் நிரப்ப, கடிதம் எழுத, எந்தக் கந்தோருக்குப் போவது என்று கேட்க.

போன மாதம் ஒரு தாய் வந்தார். சொந்த இடம் மூதூருக்குக் கிழக்கே. ஒரு சொப்பின் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். குடும்ப அட்டையின் போட்டோப் பிரதி. 2006 இல் இடம்பெயர்ந்தபோது கொடுத்த பதிவுத் துண்டு, மடிப்பில் கிழிந்து ஒட்டுநாடா போட்டது. அம்மாவின் மரணச் சான்றிதழ். ஒரு காணி அனுமதிப் பத்திரத்தின் பிரதி, அதில் இருப்பது அம்மாவின் தகப்பனுடைய பெயர். மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள். பாலையூற்றுப் பக்கம் இப்போது இருக்கும் ஒற்றை அறைக்கு வீட்டுக்காரர் கையால் எழுதிக் கொடுத்த வாடகைத் துண்டு. கடைசியாக, ஒரு றப்பர் பாண்ட் போட்டுக் கட்டிய கத்தை. ஆறு வருடமாக அவர் கொடுத்த வீட்டு விண்ணப்பங்களின் பிரதிகள்.

அவருடைய கணவர் உப்புவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறார். சீசன் காலத்தில் மட்டும்தான் வேலை. ஊரில் உள்ள கந்தோரில் கேட்டால், "நீங்கள் இங்கே இருப்பதில்லையே, இருக்கிறவர்களுக்குத்தான் முதலில்" என்கிறார்கள். நகரத்துப் பக்கம் கேட்டால், "உங்களுடைய பதிவு அங்கே, காணியும் அங்கே, இங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது?" என்கிறார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில், "காணி ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள், வீட்டுக்குப் போடலாம்" என்றார்களாம். இதை அவர் கோபமில்லாமல் சொன்னார். அழவும் இல்லை. "எந்த விதானையார் என்னுடைய விதானையார் என்று மட்டும் சொல்லுங்க ஐயா" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், நான் கதிரையில் இருந்த காலத்தில் இவரைப் போல எத்தனையோ பேரிடம் "உங்கட பதிவு எங்கே இருக்கோ அங்கே போங்க" என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். சுற்றறிக்கைப்படி அது சரியான பதில். பிழையான பதிலாக இருந்திருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள். சரியான பதிலாக இருந்ததால்தான் இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது. அதற்கு என் பங்கும் உண்டு என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். இந்த மாவட்டத்தின் 13 சபைகளும் சேர்ந்து, வீடில்லாதவர்களுக்கு ஒரே இடாப்பு ஒன்றைத் திறக்க வேண்டும். ஒரு குடும்பம் எந்தச் சபையின் வாசலில் வந்து நின்றாலும் அந்த இடாப்பில் ஏற வேண்டும். சபை எல்லையைத் தாண்டினால் பெயர் விழக்கூடாது. காணி, பணம், யார் எங்கே கட்டுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற பேச்சு. இடாப்பே இல்லாமல் அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

வீடில்லாதவர் என்றால் யார்? பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர் என்றுதான் உடனே நினைப்போம். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் வீடில்லாத சனத்தில் பெரும்பகுதி ஏதோ ஒரு கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். தமிழரும் முஸ்லிம்களும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி. மூத்த மகளுக்குக் கல்வீடு போய்விடும். அடுத்தவளுக்கு அதே வளவில் ஒரு துண்டு பிரித்து அத்திவாரம் போடுவார்கள். மூன்றாவது மகளுக்கு வரும்போது வளவில் கிணறும் மலசலகூடமும்தான் மிச்சம். தாய் தகப்பன் எங்கே போவார்கள்?

ஒருமுறை கணக்கெடுப்புப் படிவத்தோடு கிண்ணியாப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். நல்ல ஓட்டு வீடு, முன்னுக்கு மாபிள் போட்ட விறாந்தை. பின்னால் குசினிச் சுவரோடு சேர்த்து ஒரு பத்தி இறக்கியிருந்தது. மேலே தகரம், மழை அடிக்கிற பக்கத்துக்கு உரப் பைகளைச் சேர்த்துத் தைத்த படங்கு. உள்ளே ஒரு கட்டில், கட்டிலுக்குக் கீழே இரண்டு சூட்கேஸ், சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு சேட். ஒரு வயோதிபர் இருந்தார், கடலுக்குப் போன காலம் முடிந்தவர். படிவத்தில் "இவ்வீட்டில் வசிப்போர்" என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "இது மகள்ட வீடு விதானையார். நமக்கு வீடு இல்ல. அத எழுதுங்க" என்றார். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. மகளின் குடும்பத்தில் ஒருவர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். கொழும்புக்குப் போன கணக்கில் அவர் ஓட்டு வீட்டில் இருப்பவர்.

இப்படி ஒரு வளவுக்குள் மூன்று குடும்பம். சீசன் வந்தால் வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொல்லப்படும் குடும்பங்கள் இன்னொரு பக்கம், ஏனென்றால் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு அறை வெளிநாட்டுக்காரருக்குப் போனால் வருகிற காசு வேறு. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்து, மச்சான் வீட்டிலும் சித்தி வீட்டிலுமாக இருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பாதியில் நின்ற வீட்டில், கூரைக்குப் படங்கு கட்டிக்கொண்டு இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு திணைக்களத்தில் ஒவ்வொரு பட்டியல். சிலருக்கு ஒரு பட்டியலும் இல்லை.

பாதியில் நின்ற வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடனும் மானியமும் கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, லின்டல் மட்டம் வந்தால் இன்னொன்று, கூரைக்கு மற்றொன்று. 2019 இல் அரசாங்கம் மாறியதும் முந்திய மாதிரிக் கிராமத் திட்டங்களில் பல இடங்களில் தவணை நின்றது. கையில் இருந்ததை விற்று, நகையை அடகு வைத்து, அடுத்த தவணையை நம்பிக் கல்லு அரிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அப்புறம் 2022 வந்தது. ஒரு பை சீமெந்து 1000 ரூபாவிலிருந்து 3000 ரூபா அளவுக்குப் போனது. கம்பியின் விலையைக் கேட்கவே பயம். அந்தச் சுவர்கள் இன்றும் பல ஊர்களில் நிற்கின்றன. உள்ளே நாயுருவி முளைத்து, ஜன்னல் நிலை இல்லாத ஓட்டைகளால் ஆடு போய் வருகிறது. அந்த வீட்டுக்காரரைக் கேட்டால் கந்தோரில், "இவர் ஏற்கனவே பயன்பெற்றவர்" என்பார்கள். ஒருமுறை பயன்பெற்றவர் என்று பதிவானால் அடுத்த திட்டத்தில் இடமில்லை. அரைச் சுவருக்காக ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்கத் தகுதி இழக்கிறது. இதைத் திருத்தக் கொழும்பில்தான் முடியும் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் இந்த மாவட்டத்தில் அப்படி எத்தனை சுவர் நிற்கிறது, எங்கே நிற்கிறது, எந்தத் தவணையோடு நின்றது என்று 13 சபைகளும் சேர்ந்து ஒரே கணக்காகக் காட்டினால் கொழும்பு பதில் சொல்ல வேண்டி வரும். தனித்தனியாகப் போனால் தனித்தனியாகத் திருப்பி அனுப்புவார்கள்.

இந்த நாட்டுக்கு வீடமைப்புப் புதிதல்ல. வீடில்லாதோருக்கான சர்வதேச ஆண்டு என்று 1987 ஐ ஐக்கிய நாடுகள் அறிவித்ததே எங்கள் நாடு கொடுத்த யோசனையால். 1980 இல் அப்போதைய பிரதமர் ரணசிங்க பிரேமதாச பொதுச் சபையில் அதை முன்வைத்தார், 1982 இல் சபை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே 1978 இல் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கி, 1984 இலிருந்து பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் ஓடியது. இரண்டாவதில் அரசாங்கம் தானே கட்டிக் கொடுப்பதைக் குறைத்து, சனம் தானே கட்ட கைகொடுப்பது என்று மாறியது. உலகம் முழுக்க அதைப் படித்தார்கள். ஆனால் அந்த வருடங்களில் எங்கள் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். 1983 இல் எரிந்தது, 1990 இல் மறுபடி எரிந்தது. நாடு வீடு கட்டிய காலத்தில் நாங்கள் முகாமில் இருந்தோம்.

பிறகு 2004 டிசம்பர் 26. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எல்லாம் கடல் வந்து போன இடங்கள். கடலோரத்தில் கட்டக்கூடாது என்று எல்லை போட்டார்கள். தெற்கில் 100 மீற்றர், எங்களுக்கு 200 மீற்றர். 200 மீற்றருக்குள் இருந்தவர்களுக்கு வேறு இடத்தில் காணி தேட வேண்டும். பக்கத்துப் பிரிவில் காணி இருந்தாலும் அந்தப் பிரிவின் ஆட்கள் விடமாட்டார்கள். வீடு கொடுத்த நிறுவனங்களும் தங்களுக்குச் சுகமான இடத்தில் கட்டின. கடலுக்குப் போகிறவனைக் கடல் தெரியாத இடத்தில் குடியேற்றினால் அவன் என்ன செய்வான்? வீட்டைப் பூட்டிவிட்டுக் கடற்கரை வாடிக் குடிசையில் வந்து படுத்தான். ஒரு பக்கம் பூட்டிய வீடுகள், இன்னொரு பக்கம் கூடாரங்கள். இரண்டையும் ஒரே காலத்தில் பார்த்தவன் நான்.

2006 ஐ எழுதக் கை வரவில்லை. போரால் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் 2015 வரை இருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஒன்பது வருடம். தகரக் கொட்டிலில் பிறந்த பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. 2015 இல் சம்பூரில் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது, அடுத்த வருடம் கடற்படையிடமிருந்து 237 ஏக்கர். திரும்பிப் போனவர்கள் போனார்கள். இடையில் கல்யாணம் முடித்து, நகரத்தில் கூலி வேலை பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்கள் இரண்டு இடத்துக்கும் இடையில் நின்றுவிட்டார்கள். சொப்பின் பையோடு வந்த அந்தத் தாய் அவர்களில் ஒருவர்.

இன்னொரு மாற்றம் நடந்திருக்கிறது, நம்முடைய நிர்வாகம் அதை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. நான் மூதூரில் வேலை செய்த காலத்தில் நகரத்துக்கு வருவதென்றால் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். காற்றுக் கிளம்பினால் அதுவும் இல்லை. ரோட்டால் வந்தால் கிண்ணியாவில் பாதை என்கிற மிதவைப் படகு, அதற்கு முன்னும் துறை துறையாகக் காத்திருப்பு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். பின்னால் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் பாலங்கள் வந்தன. இப்போது மூதூரில் விடிய எழும்பி மோட்டார் சைக்கிளில் நகரத்துக்கு வேலைக்கு வந்து இரவு வீட்டில் சோறு தின்னலாம். கிண்ணியா மேசன்மார் உவர்மலையில் வீடு கட்டுகிறார்கள். தம்பலகாமத்துப் பெண்பிள்ளைகள் நகரத்துக் கடைகளில் நிற்கிறார்கள். நிலாவெளி ஹோட்டல்களில் கந்தளாய்ப் பொடியன்கள் வேலை செய்கிறார்கள். வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இந்த மாவட்டம் எப்போதோ ஒன்றாகிவிட்டது. வீடு என்று வரும்போது மட்டும் 13 துண்டு.

துண்டு துண்டாக இருப்பதால் என்ன கெடுகிறது? மாநகர சபைக்கு வருமானம் இருக்கிறது, காணி இல்லை. துறைமுகம், கடற்படை, விமானப்படை, கோட்டை, தொல்பொருள், வனம் என்று எடுத்துவிட்டால் நகரத்தில் சாதாரண சனம் கட்டக்கூடிய மண் உள்ளங்கை அளவுதான். துறைமுக அதிகார சபையின் பெயரிலுள்ள காணியில் விவசாயம் செய்துவந்த முத்துநகர்ச் சனம் 2025 இல் தெருவுக்கு வந்து போராடியதைப் பார்த்தோம். பிரதேச சபைகளில் காணி இருக்கிறது, ஆனால் ரோட்டுப் போட, தண்ணீர் கொண்டுபோக, கரண்ட் கம்பம் நட காசு இல்லை. இப்படியே இருந்தால் நகரத்தில் வாடகை ஏறும், கிராமத்தில் காணி பற்றை மூடும். ஒருவரிடம் இருப்பதை மற்றவரோடு சேர்க்காமல் இதற்கு வழி இல்லை.

இந்த இடத்தில் உங்களில் பலருக்கு மனதில் வருகிற பயம் எனக்குத் தெரியும். வெளியே சொல்லாமல் எழுதினால் இந்த மடலுக்குப் பெறுமதி இல்லை. எங்கள் மாவட்டத்தில் வீடு என்ற சொல்லுக்குப் பின்னால் குடியேற்றம் என்ற சொல் நிற்கிறது. கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்களின் காலத்திலிருந்து அது நிற்கிறது. தமிழ்ச் சபை உறுப்பினர், எல்லையில் சிங்களக் குடியேற்றம் வரும் என்று பயப்படுகிறார். முஸ்லிம் உறுப்பினர், ஏற்கனவே நெருக்கிப்போன தன் ஊருக்குள் இருக்கிற கொஞ்சக் காணியும் போகும் என்று பயப்படுகிறார். மொறவெவ, கோமரங்கடவலப் பக்கத்தில் போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடிய சிங்களக் குடும்பங்களுக்கும் அவர்களுடைய பயம் உண்டு. இந்தப் பயங்களில் ஒன்றையும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் நடந்த கதை இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இரகசியமாக, மேலிருந்து, ஒரு சபைக்குத் தெரியாமல் இன்னொரு சபையின் எல்லையில் கொண்டுவந்து வைத்த திட்டங்களால்தான் அந்தப் பயம் வளர்ந்தது. இடாப்பு ஒன்றாக, பகிரங்கமாக, மூன்று சமூகத்தவரும் பார்க்கக்கூடியதாக இருந்தால் அதே பயத்துக்கு இடம் குறையும். முதல் விதியாக, இந்த மாவட்டத்தில் ஏற்கனவே வாழ்கிற குடும்பங்களுக்கு மட்டும் என்று எழுதுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்த மாவட்டம் இது, எங்களுடைய சொந்தச் சனத்துக்கே வீடு போதவில்லை. இரண்டாவதாக, எந்தக் காணியில் கட்டுவது என்பதை அந்தக் காணி இருக்கிற சபையின் சம்மதம் இல்லாமல் தீர்மானிக்கக்கூடாது என்று எழுதுங்கள். எவருக்கும் தன் ஊருக்குப் பக்கத்தில் இடம் கேட்க முதல் உரிமை இருக்கட்டும். எல்லை தாண்டிப் போவது அவர் விரும்பினால் மட்டும்.

வேறு இடத்தில் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். என் அக்காவின் மகன் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறான். அந்தப் பக்கத்தில் பெல்வியூ, கேர்க்லண்ட், றெட்மண்ட் என்று மூன்று நகரங்களும் அவை இருக்கிற கவுண்டியும் (எங்கள் மாவட்டம் மாதிரி) 1992 இல் சேர்ந்து வீடமைப்புக்கு ஒரு கூட்டணியை அமைத்தன. பணக்கார இடங்கள்தான், ஆனால் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் கடையில் நிற்பவருக்கும் அங்கே வீடு எடுக்க முடியாமல் போய்விட்டது. ஒரு நகரம் தனியாக மலிவு வீடு கட்டினால் மற்ற நகரங்களின் பாரமும் தன் தலையில் வரும் என்று எல்லோருக்கும் பயம். அதனால் ஒவ்வொரு நகரமும் தன்னால் முடிந்த காசை ஒரே நிதியில் போடுவது, எந்த வேலைத்திட்டத்துக்குக் கொடுப்பது என்பதைச் சேர்ந்து ஆராய்வது என்று செய்தார்கள். சபைகளின் அதிகாரம் எதுவும் போகவில்லை. ஒவ்வொரு நகரமும் தன் காசுக்குத் தன் சபையிலேயே கடைசிக் கை உயர்த்தியது. சின்ன அலுவலகம், கொஞ்ச ஊழியர்கள். பிறகு சுற்றியிருந்த சின்ன நகரங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 30 வருடத்துக்கு மேல் ஓடுகிறது. அந்த ஊரின் பணமும் எங்கள் ஊரின் பணமும் ஒன்றல்ல, தெரியும். நான் எடுத்துக்கொள்வது அந்த முறையைத்தான். யாருடைய அதிகாரத்தையும் பறிக்காமல், ஒரே மேசையில் ஒரே பட்டியலை வைத்துப் பேசும் முறை.

எங்களுக்கு அப்படி ஒரு மேசை போட யாரும் வரப்போவதில்லை. வீடமைப்பு மாகாண சபையின் அதிகார நிரலில் இருக்கிறது, ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்த பிறகு தேர்தல் இல்லை. உங்களுடைய சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்து, 2025 மே 6 தேர்தலில்தான் உயிர் பெற்றன. இன்றைக்கு இந்த மாவட்டத்தில் சனத்தின் வாக்கோடு ஊர் மட்டத்தில் இருப்பவர்கள் நீங்கள் மட்டும்தான். அதனால்தான் ஆளுநருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது பெரிய கூத்து அல்ல. ஒவ்வொரு சபையும் தன் மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்து இரண்டு உறுப்பினர்களைப் பெயர் குறிக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வீட்டுக் கதை பெண்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். அந்த 26 பேரும் கூடி ஒரே படிவத்தை மூன்று மொழியிலும் எழுதட்டும். படிவத்தில் "நமக்கு வீடு இல்ல" என்று சொன்ன அந்த வயோதிபருக்கு ஒரு கட்டம் இருக்கட்டும். வாடகைக்கு இருப்பவருக்கு ஒன்று, பாதிச் சுவர்க்காரருக்கு ஒன்று. 230 கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் விதானைமார் இருக்கிறார்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுக்கு வீடு வீடாகப் போன அனுபவமும் இருக்கிறது. பிரதேச செயலாளர்களோடு பேசினால் கணக்கெடுக்க ஆட்கள் கிடைப்பார்கள். என்னைப் போல ஓய்வு பெற்றவர்களும் வருவோம், காசு வேண்டாம்.

அதோடு காணிக் கணக்கு ஒன்றும் வேண்டும். அரச காணி அனுமதிப் பத்திரங்கள் எத்தனை வீட்டில் பாட்டன் பெயரிலேயே கிடக்கின்றன என்று பார்த்தால் தலை சுற்றும். மூத்த மகனுக்கு முன்னுரிமை என்ற பழைய ஒழுங்கு 2022 திருத்தத்தோடு போய்விட்டது, மகள்களும் உரிமை கேட்கலாம். ஆனால் அதைச் சொல்லி, படிவம் நிரப்பி, ஆளைக் கூட்டிக்கொண்டு போக யாரும் இல்லை. 13 சபைகளும் சேர்ந்து ஒரு காணி நடமாடும் சேவை வைத்தால், வீடு கட்டாமலேயே பல குடும்பங்களுக்குப் பாதி வழி திறக்கும். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது, சனம் தானே நின்று கட்டியது, நன்றாகவே கட்டியது. அந்த நேரத்தில் என் பிரிவில் தகுதி இருந்தும் தவறியவர்களில் பெரும்பாலானோர் காணிப் பத்திரம் இல்லாமல் தவறியவர்கள்.

நகரத்தில் தெருவில் படுப்பவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான். பஸ் ஸ்டாண்ட், காளி கோயிலடி, மீன் மார்க்கட், புகையிரத நிலையம். சில பேருக்குப் புத்தி சுகமில்லை, சில பேருக்குக் குடி, ஒரு சிலரைப் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதும் நடந்திருக்கிறது. அவர்களுக்கு எங்களிடம் இருக்கிற சட்டம் 1841 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். அது அவர்களைப் பிடிக்கச் சொல்கிறதே தவிர இருத்தச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிரதேசத்திலிருந்து வந்தவர்கள், அதனால் அவர்களுக்குப் பொறுப்பான பிரதேச சபை என்று ஒன்று இல்லை. பின்லாந்தில் 2008 இலிருந்து அரசாங்கமும் பெரிய நகரங்களும் ஒப்பந்தம் செய்து, இரவுப் படுக்கை விடுதிகளை ஆளுக்கொரு சின்ன வீடாக மாற்றினார்கள். முதலில் வீடு, குடியை விடுவதும் வைத்தியமும் பிறகு. எங்களுக்கு ஒரே ஒரு கட்டடம் போதும், ஆளுக்கொரு அறை, பூட்டுத் திறப்போடு. நகரத்தில் இருக்கட்டும், செலவை எல்லாச் சபையும் பகிரட்டும். மாநகர சபையின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை.

இதையெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம் என்றும் சொல்ல முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் பெய்த மழை மகாவலியால் எங்களிடம்தான் வந்தது. மூதூரும் வெருகலும் கிண்ணியாவும் தண்ணீருக்குள் கிடந்தன. முழுதாகப் போன வீட்டைக் கட்ட 50 இலட்சம் ரூபா வரை என்று அரசாங்கம் அறிவித்தது. முந்திய காலத்துத் தொகையோடு பார்த்தால் பெரிய காசு. ஆனால் ஆற்றோரத்தில் இருந்தவரை அதே ஆற்றோரத்தில் கட்டச் சொல்லப் போகிறோமா? மேட்டு நிலம் வேண்டும். அந்த மேட்டு நிலம் பக்கத்துச் சபையின் எல்லைக்குள் இருந்தால் என்ன செய்வோம்? 2005 இல் 200 மீற்றர்க்காரருக்குச் சொன்ன பதிலைத்தான் மறுபடி சொல்வோமா? இந்தக் கேள்விக்கு இந்த மாரிக்குள் பதில் வேண்டும். தனியே எந்தச் சபையாலும் பதில் சொல்ல முடியாது.

கூட்டத்தை நகரத்தில்தான் வைக்க வேண்டும் என்றில்லை. முதல் கூட்டத்தைக் கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ வையுங்கள். மொழிபெயர்க்க ஆட்களை ஒழுங்கு செய்யுங்கள். முதல் நாளே காணியைப் பற்றிப் பேசாதீர்கள், சண்டையில் முடியும். படிவத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அந்தத் தாயின் பைலை முழுதாகப் போட்டோப் பிரதி எடுத்து, அவருடைய சம்மதத்தோடு என்னிடம் வைத்திருக்கிறேன். அவருடைய அறைக்குக் கட்டிய முற்பணம் சித்திரையோடு முடிகிறது. சீசன் தொடங்குவதால் வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லையாம். உங்களில் எந்தச் சபை முதலில் கேட்டாலும் அந்தப் பைலைக் கொண்டுவந்து தருகிறேன், அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை.